பி0183 வந்தால் சென்சரை மாற்றுவதா, வயரைப் பார்ப்பதா?

நிலாவெளி வான்:
கொமன் ரெயில் டீசல் வான். எஞ்சின் லைட் எரிகிறது, ஸ்கேனரில் பி0183 என்ற பழுதுக் கோட், எரிபொருள் வெப்பநிலை சென்சர். காலையில் ஸ்டார்ட் ஆகவும் இழுக்கிறது. கராஜில் சென்சரை மாற்றச் சொல்கிறார்கள். கொழும்பில் பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் இருந்து எடுப்பிக்கவா?

அனுராதபுரச் சந்தி:
எடுப்பியுங்கள் அண்ணா. கோட்டே சென்சரைக் காட்டுகிறது, அப்புறம் என்ன ஆராய்ச்சி? ஹயர் ஓடும் வான் நின்றால் அன்றைய உழைப்பு போச்சு.

சீனக்குடா:
அவசரப்படாதீர்கள். அந்தச் சர்க்கியூட்டில் வோல்ட் கூடியிருக்கிறது என்பதைத்தான் கோட் சொல்கிறது, எந்தப் பாகம் பழுது என்று அல்ல. சென்சருக்குள் இருப்பது சூடு ஏற ஏறத் தடை குறையும் தெர்மிஸ்டர். ஈசியூ, அதாவது எஞ்சினின் கம்பியூட்டர், 5 வோல்ட் கொடுத்து, அது எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்து வெப்பநிலையைக் கணக்கிடும். சென்சர் உள்ளே அறுந்தாலும் வயர் அறுந்தாலும் 5 வோல்ட் அப்படியே நிற்கும், மைனஸ் 40 டிகிரி என்று எடுத்துக்கொள்ளும்.

இரண்டு வயர் சென்சர்தானா என்று முதலில் பாருங்கள். சுவிட்ச் ஒன், எஞ்சின் ஓஃப். பிளக்கைக் கழற்றி, வயர் பக்கத்து இரண்டு முனைகளையும் சிறு வயரால் இணையுங்கள். ஸ்கேனரில் வெப்பநிலை உச்சத்துக்கு ஏறினால் வயரும் ஈசியூவும் நல்லது, அப்போது சென்சரை வாங்குங்கள். ஏறாவிட்டால் புதுச் சென்சர் போட்டும் லைட் அணையாது. கோட் விழுந்ததும் சில வான்கள் மாற்று எண்ணைக் காட்டும், அதனால் கோட்டை அழித்துவிட்டுச் செய்யுங்கள்.

கடற்கரையில் நிற்கும் வான் என்றால் பிளக்குக்குள் பச்சை பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். உப்புக் காற்று செப்பை விடாது.

அனுராதபுரச் சந்தி:
குளிர்ந்திருக்கும்போது மீற்றரில் சரியாகக் காட்டி, ஹபரணைக் காட்டுக்குள் சூடேறியதும் அறுகிற சென்சர்கள் உண்டு. உங்கள் சோதனையில் அது பிடிபடுமா?

சீனக்குடா:
குளிரில் பிடிபடாது, அது நியாயம்தான். அதனால்தான் ஓடிச் சூடான பிறகும் சென்சரின் தடையை மீற்றரில் அளக்க வேண்டும். பல ஜப்பான் வான்களில் 20 டிகிரியில் இரண்டரை கிலோ ஓம் அளவு, 80 டிகிரியில் 300 ஓம் அளவு இருக்கும். சூட்டில் எண் திடீரென்று மறைந்தால் சென்சர்தான் குற்றவாளி. அதற்கும் மீற்றர்தானே சாட்சி?

கிண்ணியா டீசல்:
காலையில் இழுப்பதை இந்தக் கோட்டின் தலையில் கட்டாதீர்கள். டீசல் சூட்டில் மெலிவதற்கு ஏற்ப எஞ்சினுக்குள் பீச்சும் அளவைத் திருத்தத்தான் இந்தச் சென்சர். பில்டரையும், எங்காவது காற்று இழுக்கிறதா என்பதையும் தனியாகப் பாருங்கள்.

நிலாவெளி வான்:
இணைத்துப் பார்த்தேன், மைனஸ் 40 அசையவில்லை. 5 வோல்ட் வரும் முனையை மட்டும் வானின் இரும்புப் பொடியில் (பாடியில்) தொட்டபோது உச்சத்துக்கு ஏறியது.

சீனக்குடா:
அப்படியென்றால் 5 வோல்ட் வயர் நல்லது, திரும்பிப் போகும் எர்த் வயர்தான் அறுந்திருக்கிறது. பம்ப் பக்கம் வளைகிற இடத்தில் தேடுங்கள். ஈயம் வைத்துப் பற்றி, மேலே சுருங்கும் குழாய் போடுங்கள். வெறும் டேப் வேண்டாம்.

அனுராதபுரச் சந்தி:
சரி, இதில் வயர்தான். ஆனால் ஓடி ஓடி விட்டு விட்டு வருகிற பழுதுக்கு நான் இன்னமும் சென்சரைத்தான் முதலில் மாற்றுவேன்.

கிண்ணியா டீசல்:
பில்டர் எப்போது மாற்றினது?