கண்டதை மட்டும் சொன்னேன்: ஆட்டிசம் பற்றிப் பெற்றோரிடம் பேசிய அனுபவங்கள்

ஆசிரியை, தண்டையார்பேட்டை

முதல் வகுப்பு எடுக்கிறேன். நான் செய்த தவற்றிலிருந்தே தொடங்குகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், பள்ளி விடும் நேரத்தில், மற்ற தாய்மார்கள் சூழ நிற்கும்போதே ஓர் அம்மாவிடம், "உங்கள் பையனுக்கு ஆட்டிசமாக இருக்கலாம்" என்று சொல்லிவிட்டேன். "என் பிள்ளையைப் பைத்தியம் என்கிறீர்களா டீச்சர்?" என்று கேட்டுவிட்டுப் போனவர், பத்து நாட்கள் அவனை அனுப்பவேயில்லை. ஆட்டிசம் என்பது பிறரோடு பேசிப் பழகும் விதத்தையும் ஒலி, தொடுதல் போன்றவற்றை உணரும் விதத்தையும் மாற்றும் மூளை வளர்ச்சி வேறுபாடு. ஒரு பிள்ளைக்கு அது இருக்கிறது என்று சொல்வது மருத்துவரின் வேலை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அவர் காசிமேட்டில் மீன் விற்பவர். விடியலுக்கு முன்பே ஏலத்துக்குப் போய்விடுவார். பிற்பகலில்தான் வீட்டில் இருப்பார். அந்த நேரம் பார்த்துப் போய் மன்னிப்புக் கேட்டேன். பிறகு என் நோட்டிலிருந்து வாசித்தேன். பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை. ஆனால் கொருக்குப்பேட்டைப் பக்கம் சரக்கு ரயில் வந்தால் எங்கள் காதில் விழுமுன்பே எழுந்து நிற்கிறான். மணி அடித்தால் காதைப் பொத்திக்கொள்கிறான். "சாப்பிட்டாயா?" என்றால் "சாப்பிட்டாயா?" என்றே திருப்பிச் சொல்கிறான். வகுப்பு வாசலில் செருப்புகளை வரிசையாக அடுக்குகிறான். ஒன்றை நகர்த்தினாலும் அழுகிறான்.

நெடுநேரம் அவர் பேசவில்லை. "வீட்டிலும் பாட்டில் மூடிகளை இப்படித்தான் அடுக்குகிறான்" என்றார் மெதுவாக. அதன்பின் அவர் பேசினார், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பிள்ளையை விட்டுவிட்டு வியாபாரத்துக்குப் போனதால் வந்த வினை என்று மாமியார் ஏசுகிறாராம். 1943இல் லியோ கானர் என்ற குழந்தைகள் மனநல மருத்துவர் ஆட்டிசத்தைப் பற்றி விரிவாக எழுதிய பிறகும், தாய்க்குப் பாசம் போதாததே காரணம் என்று மருத்துவர்களில் பலரே பல ஆண்டுகள் நம்பினார்கள், அது பொய்யென்று பின்னர் தெளிவாகிவிட்டது என்று சொன்னேன். மாமியாரையும் உட்காரவைத்து அதையே மறுபடி சொன்னேன்.

ஒரு தாய், வியாசர்பாடி

என் மகளைக் கூச்ச சுபாவம் என்றே எல்லோரும் சொன்னார்கள். பெண் பிள்ளை அமைதியாக இருந்தால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. அவளுடைய டீச்சர் மட்டும் தான் கண்டதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போகச் சொன்னார். டாக்டர் முன் எனக்கு வாய் எழவில்லை. அந்தத் தாளை நீட்டினேன். பிறகு ஆட்டிசத்துக்கான இந்திய அளவுகோலில் 40 கேள்விகள் கேட்டார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தை மாற்றுத்திறனாக ஏற்றிருப்பதால் சான்றிதழும் கிடைத்தது.

ஒன்றுதான் வலித்தது. அரசுத் தாள்களில் ஆட்டிசம் உள்ளவர்களைப் 'புற உலகச் சிந்தனையற்ற' என்று எழுதுகிறார்கள். பால் பொங்குமுன்பே வாசனை பிடித்து அடுப்படிக்கு ஓடிவருகிறவள் என் மகள். மேலே அந்தச் சரக்கு ரயிலைப் பற்றிப் படித்ததும் அழுதுவிட்டேன்.

இப்போது எங்களுக்குள் ஒரு நோட்டு போய்வருகிறது. வகுப்பில் நடந்ததை டீச்சர் எழுதுவார், வீட்டில் நடந்ததை நான் எழுதுவேன். நேற்று அவர் எழுதியிருந்தது: "இன்று பென்சிலைக் கேட்டு வாங்கினாள்."