மொனொனொகே (2007) தொடர்: எங்கிருந்து ஆரம்பிக்கிறது, வாசிகசாலையில் எப்படிப் போடுறது?

கொட்டகலை வாசகி:
வணக்கம். எங்க வாசிகசாலையில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு மாதக் கடைசியில் படம் போட்டு, முடிஞ்சதும் அதைப் பத்திக் கதைக்கிறது வழக்கம். ஆவி, முனி மாதிரியான விஷயத்தில் நல்ல அனிமேஷன் தேடுறோம். 'மொனொனொகே' என்ற தொடரைச் சிலர் சொன்னாங்க. தேடினா மியாசாக்கியின் 1997 படம் 'பிரின்சஸ் மொனொனொகே'தான் வருது. ரெண்டும் ஒன்றா? 12 அத்தியாயத்தையும் போடணுமா, ஒரு கதையை மட்டும் எடுக்கலாமா? தமிழ் சப்டைட்டில் நாங்களே செய்ய யோசிக்கிறோம். ப்ரொஜெக்டர் இருக்கு, திரைக்கு வெள்ளைச் சுவர்.

பண்டாரவளை மேகம்:
ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லை அக்கா. அந்தப் பெயர்தான் இந்தத் தொடரை இத்தனை வருஷமா மறைச்சு வச்சிருக்கு. தேடும்போது 'குசுரியுரி' என்று சேர்த்துத் தேடுங்க. கதாநாயகனான மருந்து வியாபாரியை அங்க அப்படித்தான் சொல்லுவாங்க, வேற பெயர் அவருக்கு இல்லை.

தயாரிப்பு டோயி ஸ்டூடியோ, இயக்கம் கென்ஜி நகமுரா. ஃபுஜி டிவியில் 2007 ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரைக்கும் ஓடினது. ஆனா மருந்து வியாபாரி முதல்ல வாறது 2006இல் வந்த 'அயகாஷி' தொகுப்பில். அதில் 11 அத்தியாயம், மூன்று தனிக்கதை. கடைசி மூன்று அத்தியாயம் (9, 10, 11) 'பகெனெகோ', அதாவது பூனை ஆவிக் கதை. ஆரம்பிக்க வேண்டியது அங்கதான். அந்தக் கதை நடக்கிற வீட்டில் வேலை செய்யிற கயோ என்ற பிள்ளை, 2007 தொடரின் கப்பல் கதையிலும் வருவா. முதல் கதை பார்க்காதவங்களுக்கு அவளும் மருந்து வியாபாரியும் ஏன் பழகினவங்க மாதிரிக் கதைக்கிறாங்க என்று விளங்காது. எல்லாம் சேர்த்து 15 அத்தியாயம், ஆறு மணித்தியாலத்துக்குள்ள முடியும்.

மருந்து வியாபாரியின் வாள் எப்படி வேலை செய்யுது என்று பிள்ளைகளுக்கு முதலே சொல்லிடுங்க. மூன்று விஷயம் தெரிஞ்சாத்தான் அது உறையை விட்டு வரும்: ஆவியின் உருவம் எது, உண்மையில் என்ன நடந்தது, அதுக்குப் பின்னால இருக்கிற மனக்குறை என்ன. அதனால ஒவ்வொரு கதையும் விசாரணைதான். சத்திரம், கப்பல், ரயில் என்று வெளியே போக முடியாத இடத்தில் ஆட்களை வச்சு, ஒவ்வொருத்தர் வாயையும் கிளறுவார். சண்டையை எதிர்பார்த்து உட்காருறவங்க ரெண்டாம் அத்தியாயத்திலேயே எழும்பிடுவாங்க. சின்னத் தராசுகளை அவர் வரிசையா நிறுத்தி வைப்பார். ஆவி எந்தப் பக்கம், எவ்வளவு கிட்ட என்று அதைப் பார்த்துத்தான் கணிக்கிறார். கண்ணை அதில் வச்சிருக்கச் சொல்லுங்க.

எனக்கு இதில் ஆகச் சிறந்தது 'நொப்பெரபோ' (2007 தொடரில் 6, 7ஆம் அத்தியாயம்). புருஷன் வீட்டாரைக் கொன்றதாகப் பிடிபட்ட ஓச்சோ என்ற பெண்ணின் கதை. அவள் நின்று வேலை செய்யிற அடுப்படியும், அங்கிருந்து பார்த்தா தெரியிற துண்டு வானமும் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு தடவையும் அர்த்தம் மாறும். அவளைக் கட்டிப்போட்டது எது என்று விளங்கும்போது நெஞ்சு கனத்துப் போகும்.

வயசு விஷயம் கவனம். 1, 2ஆம் அத்தியாயத்துச் சத்திரக் கதையில் கருக்கலைப்பு நேரடியாகவே வருது. அயகாஷி பூனைக் கதையில் கடத்திக்கொண்டு வந்த பெண்ணுக்கு நடந்த கொடுமை இருக்கு. இந்த ரெண்டையும் பெரியவங்களுக்கு மட்டும் போடுங்க.

டிக்கோயா டைம்கோட்:
சப்டைட்டில் பக்கத்தை நான் சொல்றேன். ஏஜிசப் அல்லது சப்டைட்டில் எடிட் என்ற மென்பொருள் ரெண்டில் ஒன்று போதும், ரெண்டும் இலவசம். சேமிக்கும்போது எழுத்துக் குறியீட்டு முறை (என்கோடிங்) கட்டாயம் யூடிஎஃப்-8. நோட்பேடில் ஆன்சி என்று சேமிச்சா தமிழ் முழுக்க கேள்விக்குறியா மாறிடும், திரும்ப எடுக்கவே முடியாது.

மென்பொருள் காட்டுற எழுத்தெண்ணிக்கைக் கணக்கை நம்பாதீங்க. தமிழில் 'கொ' என்பதை மென்பொருள் ரெண்டு குறியா எண்ணும், புள்ளியையும் தனியா எண்ணும். அதனால நல்ல வரியையும் சிவப்பாக் காட்டும். வரிக்கு ஐந்து ஆறு சொல், ஒரு தடவைக்கு ரெண்டு வரி. உங்க வாயால ஒரு தரம் வாசிச்சு முடிக்கிற நேரம் திரையில் நிற்கணும்.

இங்கிலீஷ் சப்டைட்டிலின் நேரத்தை அப்படியே எடுத்தா வாற சிக்கல்: ஆரம்பத்தில் சரியா இருக்கும், போகப் போக விலகும். வீடியோ செக்கனுக்கு 23.976 ஃப்ரேம், சப்டைட்டில் 25க்குச் செய்தது என்றால் 22 நிமிஷத்தில் கிட்டத்தட்ட ஒரு நிமிஷ வித்தியாசம் வரும். எல்லா வரியையும் ஒரே அளவு தள்ளிப் பிரயோசனமில்லை, ஃப்ரேம் ரேட்டை மாத்தணும். முதலிலிருந்தே ஒரே அளவு விலகல் என்றால் மட்டும் தள்ளுங்க.

பென்டிரைவைக் குத்திப் பார்க்கிற டிவி, ப்ரொஜெக்டர் பலதில் தமிழ் உடையும். ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால போய் நிற்கும், இல்லாட்டி வெறும் கட்டம் வரும். மடிக்கணினியில் விஎல்சி பிளேயர் போட்டு, எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் கொடுத்து ஓட்டுறது லேசு. கணினி இல்லை என்றால் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாத்துற மென்பொருளில் சப்டைட்டிலைப் படத்தோடயே பதிச்சிடுங்க. அங்க படத் தரத்துக்கான ஆர்எஃப் எண்ணை 18 அல்லது 19 வையுங்க. ட்யூனில் 'அனிமேஷன்' தெரிவு செய்யாதீங்க. இந்தத் தொடரில் படம் முழுக்க ஜப்பானியக் கையால் செய்த தாளின் நார் தெரியிற மாதிரி ஒரு படலம் இருக்கு. அந்தத் தெரிவு அதை வழிச்சு எடுத்திடும்.

ஃபோனில் டேட்டா மிச்சம் பிடிக்க 360பியில் பார்க்கிறவங்களுக்கும் இதேதான். கிமோனோ பூவும் சுவர்ச் சித்திரமும் சேறு மாதிரிக் குழம்பித் தெரியும். 'கண் கூசுது' என்று பாதியில் விட்டவங்க பலர் அப்படிப் பார்த்தவங்கதான். 720பிக்குக் குறையாம எடுங்க.

கொட்டகலை வாசகி:
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். அப்போ பிள்ளைகளுக்கு முதல்ல எந்தக் கதை?

ஹப்புத்தளை 07:
'நுவெ' (8, 9). முக்கால் மணித்தியாலத்தில் முடியும். ருரி என்ற சீமாட்டியைக் கட்ட வந்த ஆண்கள், வாசனைக் கட்டையைப் புகைச்சு மணத்தைக் கண்டுபிடிக்கிற போட்டியில் உட்காருறாங்க. படம் பெரும்பாலும் நிறம் செத்துக் கிடக்கும். மணம் பிடிபடும்போது மட்டும் நிறம் பூக்கும். மணத்தைக் கண்ணால காட்டின விதம் பிள்ளைகளுக்குச் சொல்லாமலே விளங்கும். கொலைகள் இருக்கு, மற்றபடி பயமில்லை.

ஆனா ப்ரொஜெக்டர் சரியா இல்லாட்டி இந்தக் கதை செத்துப் போகும். ப்ரொஜெக்டரின் பட நிலையை 'டைனமிக்'கில் விட்டா சாம்பல் நிறம் நீலமடிக்கும். 'சினிமா' நிலைக்கு மாத்துங்க. சுவர் மஞ்சள் பூத்திருந்தா வெள்ளைத் துணி கட்டுங்க. குளிரில் கொண்டு வந்த ப்ரொஜெக்டரை ஆட்கள் நிறைஞ்ச மண்டபத்தில் உடனே போட்டா லென்சில் நீர் பூக்கும். பையிலேயே அரை மணித்தியாலம் வச்சிட்டு வெளியே எடுங்க. லென்சைத் துடைக்காதீங்க, தானாக் காயட்டும்.

கதைக்கிற நேரத்தில் ரோதைமுனியைப் பத்தி யாராவது கேட்பாங்க. நம்ம தேயிலை ஃபெக்டரி முனி காவல் தெய்வம், வருஷா வருஷம் படையல் வாங்குறவர். மொனொனொகே ஆட்களின் மனக்குறை ஆவியோட சேர்ந்து பிறக்கிறது, அதுக்குக் கோயிலும் இல்லை, பூசையும் இல்லை. ரெண்டையும் ஒன்றாக்காம, முனிக்குப் பக்கத்தில் வச்சுக் கேளுங்க: யாருக்கு நடந்த அநியாயம், யார் மூடி மறைச்சது? 'நுவெ'யில் இதுக்குப் பதில் இரண்டாம் பகுதியின் கடைசியில்தான் வருது. அதனால இடைவேளையை ரெண்டு அத்தியாயத்துக்கும் நடுவில விடாம, எல்லாம் முடிஞ்ச பிறகு தேத்தண்ணி கொடுங்க.