சோடா மெஷின் நாசிலில் வழவழப்பு, யுவி விளக்கு இருந்தும் போகவில்லை

ஏற்காடு ஒண்டிக்கடை பக்கம் சோடாக் கடை வைத்திருக்கிறேன். ஆறு நாசில் ஃபவுண்டன் மெஷின், சேலத்தில் சொல்லிச் செய்தது, இரண்டு வருடம் ஆகிறது. தண்ணீர் ஃபில்டர் தாண்டி 11 வாட் யுவி (புற ஊதா) விளக்கு வழியாகத்தான் கேஸ் ஏற்றும் கார்பனேட்டருக்குப் போகிறது. ஆனாலும் மூன்று வாரமாக பன்னீர், எலுமிச்சை இரண்டு நாசிலிலும் விரல் விட்டுத் துடைத்தால் இளஞ்சிவப்பாக வழவழவென்று ஒட்டுகிறது, மோந்தால் புளித்த வாடை. வெறும் சோடா வரும் நாசில் சுத்தமாக இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள்தான் அதிகம் குடிக்கிறார்கள், அதனால் அந்த இரண்டையும் மூடிவிட்டேன்.

விளக்கை மாற்றியாயிற்று. நீல வெளிச்சம் தெரிந்தாலும் சுமார் 9000 மணி நேரத்துக்குப் பிறகு கிருமியைக் கொல்லும் 254 நானோமீட்டர் கதிர் குறைந்துவிடும் என்பதால் அதைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். விளக்கைச் சுற்றியிருக்கும் குவார்ட்ஸ் கண்ணாடிக் குழாயில் படிந்த உப்பை சிட்ரிக் அமிலம் போட்டு எடுத்தேன். சிரப் டியூபும் புதுசு. தினமும் ராத்திரி நாசிலைக் கழற்றி குளோரின் தண்ணீரில் ஊறவைத்து பிரஷ் போடுகிறேன், நான்கே நாளில் திரும்ப வந்துவிடுகிறது.

யுவி தன் முன்னால் ஓடும் தண்ணீரைத்தான் சுத்தம் செய்யும், அதைத் தாண்டி வாய்ப்பக்கம் சர்க்கரையில் வளர்வதை அது தொடாது என்று புரிகிறது. நாசில் வாய்க்குள் நேராக ஒளி படும்படி சின்ன யுவி-சி (கிருமியைக் கொல்லும் வகை யுவி) எல்இடி பொருத்தி ஓட்டியவர்கள் யாராவது இருந்தால், பிளாஸ்டிக் நாசில் விரிசல் விடாமல் தாங்குகிறதா, சொல்லுங்கள் அண்ணா?