'எழுத' என்ற வடிவமே இல்லாத மொழியில் 'எழுத வேண்டும்' எப்படி?

கேள்வி: கிரேக்கம் படிக்க ஆரம்பித்திருக்கிறேன். அகராதியில் வினை எல்லாமே 'கிராஃபோ' (எழுதுகிறேன்) மாதிரி தன்மை ஒருமையில்தான் இருக்கிறது. நம் 'எழுத', 'போக' போன்ற 'செய' எச்சத்துக்கு இணையாக ஒன்றுமே இல்லையாம். அப்படியானால் 'எழுத விரும்புகிறேன்', 'எழுத வேண்டும்' எல்லாம் எப்படி?

பதில் 1: இரண்டு வினையையும் முழுசாக முடித்துவிட்டு, நடுவில் 'நா' என்ற சிறு சொல்லைப் போடுவார்கள். 'தேலோ நா கிராப்ஸோ': விரும்புகிறேன், நான் எழுத. 'தேலோ நா கிராப்ஸிஸ்' என்றால் நீ எழுத வேண்டும் என்று நான் விரும்புகிறேன். விகுதி ஒன்று மாறியதும் ஆளே மாறிவிட்டார்! தமிழில் இதற்கு 'என்று' போட்டு வாக்கியத்தையே திருப்பிக் கட்ட வேண்டியிருக்கிறது.

'வேண்டும்' இன்னும் அழகு. அங்கே அது 'பிரெபி'. நம்முடையதைப் போலவே ஆளுக்கு ஆள் மாறாது. ஆனால் நாம் 'எழுத வேண்டும்' என்று மட்டும் சொன்னால் யார் எழுதுவது? நானா, நீயா? 'பிரெபி நா கிராப்ஸோ' என்றால் சந்தேகமே இல்லை, நான்தான். எச்சம் இல்லாததைக் குறை என்று சொல்ல எனக்கு மனமே வரவில்லை.

பழைய கிரேக்கத்தில் 'கிராஃபெயின்' என்று எச்சம் இருந்தது. கிரேக்கத்தில் எழுதப்பட்ட பைபிளின் புதிய ஏற்பாட்டிலேயே அதுவும் 'நா'வின் மூத்த வடிவமான 'ஹினா'வும் பக்கத்தில் பக்கத்தில் வரும். பிறகு 'ஹினா' வழியே வென்றது. பல்கேரியனும் இதே பாதைதான்: 'இஸ்கம் தா பிஷ'.

பதில் 2: அரபியிலும் 'உரீது அன் அக்துப', அதாவது விரும்புகிறேன், நான் எழுத என்றுதான். கூடவே 'எழுதுதல்' மாதிரி தொழிற்பெயரும் உண்டு, அதையும் அந்த இடத்தில் வைக்கலாம். அகராதியில் தலைச்சொல் 'கதப', அதாவது 'அவன் எழுதினான்'.

கேள்வி கேட்டவர்: நன்றி. 'நா'வுக்குப் பிறகு சில இடத்தில் 'கிராஃபோ', சில இடத்தில் 'கிராப்ஸோ' வருகிறதே?

பதில் 1: சரியான இடத்தைப் பிடித்தீர்கள். தினமும் எழுத விரும்பினால் 'நா கிராஃபோ'. ஒரு கடிதத்தை எழுதி முடிக்க விரும்பினால் 'நா கிராப்ஸோ'. நம் 'எழுத' இரண்டையும் பிரிக்காது, அதனால் பழக நாளாகும். ஒவ்வொரு வினையையும் இந்த இரண்டு வினையடியோடு ('கிராஃப்-', 'கிராப்ஸ்-' மாதிரி) சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள்.

அப்புறம், 'எகோ கிராப்ஸி' (எழுதியிருக்கிறேன்) என்று வரும்போது அந்த 'கிராப்ஸி'யைக் கவனியுங்கள். யார் எழுதியிருந்தாலும் அது மாறாது. பழைய எச்சம் மிஞ்சியிருப்பது அங்கேதான்.