நேப்பர்வில்: 203-ஆ, 204-ஆ? பள்ளிச் சேர்க்கை பற்றி

கேள்வி: ஜூலையில் சென்னையிலிருந்து அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் உள்ள நேப்பர்வில்லுக்கு வருகிறோம். மகள் ஆறாம் வகுப்பு, மகன் கிண்டர்கார்டன். வாடகை விளம்பரத்தில் 'நேப்பர்வில் பள்ளிகள்' என்றுதான் இருக்கிறது. 203, 204 என்ற பள்ளி மாவட்டங்களில் (உள்ளூர் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்புகள்) எது என்று எப்படி உறுதி செய்வது?

பதில் 1: ஊர்ப் பெயரை நம்பாதீர்கள். நேப்பர்வில் முகவரி 203, 204 இரண்டிலும் வரும். தெற்குப் பக்கம் சில வீடுகள் பிளெய்ன்ஃபீல்ட் 202 பள்ளி மாவட்டத்தில் வரும். 204-இன் உயர்நிலைப் பள்ளிகளான வாபன்சி வேலி, மெட்டியா வேலி இரண்டுமே பக்கத்து ஊரான அரோராவில் இருக்கின்றன. வீட்டு எண்ணோடு மாவட்டத் தளத்தில் தேடி, அலுவலகத்திலும் கேட்டுவிட்டு லீஸில் கையெழுத்திடுங்கள். எல்லைகள் மாறுவதுண்டு. தரவரிசைத் தளங்களைப் பார்த்து வீடு பிடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டுமே நல்ல மாவட்டங்கள்.

பதில் 2: மகனுக்கு செப்டம்பர் 1-க்குள் 5 வயது நிறைய வேண்டும். அசல் பிறப்புச் சான்றிதழைக் கைப்பையில் கொண்டு வாருங்கள், பள்ளியில் சேர்த்த பிறகு அதைக் கொடுக்க 30 நாள்தான் அவகாசம்.

பலர் மாட்டுவது தடுப்பூசியில். நம் ஊரில் 9 மாதத்தில் போட்ட தட்டம்மை ஊசியை இல்லினாய் கணக்கில் எடுக்காது. முதல் பிறந்தநாளிலோ அதன் பிறகோ போட்ட இரண்டு டோஸ் வேண்டும், இடையே குறைந்தது 28 நாள். மகளுக்கு டிடாப் (டெட்டனஸ், தொண்டை அடைப்பான், கக்குவான் இருமலுக்கானது), மெனிஞ்சோகாக்கல் (ஒருவகை மூளைக்காய்ச்சலுக்கானது) ஊசிகளும் தேவை. மருத்துவப் படிவத்தில் உடல்நல வரலாற்றுப் பகுதி பெற்றோர் நிரப்ப வேண்டியது. அங்கே கையெழுத்து விட்டுப்போனால் திருப்பி அனுப்புவார்கள்.

பதில் 3: வீட்டில் தமிழ் பேசுவதாக எழுதினால் ஆங்கிலத் திறன் சோதனை வைப்பார்கள். பயந்து மறைக்காதீர்கள், தேவைப்பட்டால் கிடைக்கும் உதவி அது. மகளின் கணித மதிப்பெண்களையும் பாடத்திட்டத்தையும் முதல் நாளே கொடுங்கள். எந்தக் கணிதப் பிரிவு என்பதை அப்போதே பேசிவிடலாம்.