நின்ற கிரைண்டரில் கை வைக்கும் முன்

லைங்தாயா ஃபிட்டர்:
இங்கே மியன்மார் பட்டறைகளில், பழைய பிளாஸ்டிக்கைக் கத்தியால் துண்டாக்கும் கிரைண்டர் ஓடும்போது யாரும் உள்ளே கை விடுவதில்லை, அந்தச் சத்தமே ஆளைத் தள்ளி நிறுத்திவிடும். விரல் போவது பெரும்பாலும் மிஷின் நின்ற பிறகு: சிக்கிய சாக்கை இழுக்கும்போது, சல்லடை கழற்றும்போது, கத்தி மாற்றும்போது. ஸ்டாப் பட்டனை அமுக்குவதற்கும் கை வைப்பதற்கும் நடுவில் என்னென்ன செய்கிறீர்கள் என்று அவரவர் எழுதினால் புதுப் பையன்களுக்கு உதவும்.

என் பங்கு இது. ஸ்டாப் பட்டன், மோட்டாருக்குக் கரண்ட் விடும் காந்த சுவிட்சான கான்டாக்டரை மட்டும்தான் விடுவிக்கும். போர்டு வரைக்கும் கரண்ட் வந்து நிற்கும். மெயினை இறக்கி, பூட்டுப் போட்டு, சாவியைக் கை விடுகிற ஆளே சட்டைப் பையில் வைத்துக்கொள்ளணும். இரண்டு பேர் வேலை செய்தால் இரண்டு பூட்டு. அப்புறம் ஃப்ளைவீல், அதாவது ஷாஃப்ட்டில் உள்ள கனமான சக்கரம், முழுசாக நிற்கணும். உங்கள் மிஷினில் அதற்கு எவ்வளவு நேரம் என்று கடிகாரம் பார்த்து அளந்து, சரக்குப் போடும் வாயான ஹாப்பர் பக்கத்தில் தமிழிலும் பர்மிய மொழியிலும் பெயின்டில் எழுதிவையுங்கள். கத்தி பூட்டிய ரோட்டர் சரக்கில்லாமல் சுற்றும்போது அளக்கணும். உள்ளே சரக்கு இருந்தால் சீக்கிரம் நின்று கணக்கு ஏமாற்றும். கடைசியாக ஸ்டார்ட் பட்டனை அமுக்கிப் பாருங்கள். அசையாமல் இருந்தால்தான் பூட்டியது இந்த மிஷினின் மெயின் என்று அர்த்தம். பக்கத்து மிஷினைப் பூட்டிவிட்டு வந்து நிற்பது நடக்கிற விஷயம்தான்.

தெற்கு டகோன் எலக்ட்ரீஷியன்:
அண்ணே, இதோடு மின்வெட்டையும் சேர்க்கணும். கரண்ட் போனதும் ‘செத்த மிஷின்தானே’ என்று மூடியைத் திறந்துவிடுகிறார்கள். தெருவில் பிள்ளைகள் ‘மீ லா ப்யி’ (கரண்ட் வந்துவிட்டது) என்று கூவும் நேரத்தில் கை உள்ளே இருக்கும்.

ஒழுங்கான ஸ்டார்ட்டர் என்றால் கரண்ட் போனவுடன் கான்டாக்டர் விழுந்துவிடும். திரும்ப வந்தாலும் பச்சைப் பட்டனை அமுக்காமல் எடுக்காது. பட்டனை எடுத்துவிட்டு வீட்டு சுவிட்ச் போட்ட போர்டிலும், ஹேண்டில் மெயினிலிருந்து நேராக ஓடும் மோட்டாரிலும் இந்தக் காவல் கிடையாது. சோதிக்க ஐந்து நிமிஷம் போதும். சரக்கில்லாமல் ஓடவிட்டு மெயினை இறக்குங்கள், ரோட்டர் நின்றதும் ஏற்றுங்கள். தானாகக் கிளம்பினால் அதை அன்றைக்கே மாற்றணும், நாளைக்கு என்று தள்ளக்கூடாது.

அடுத்தது ஜெனரேட்டர். மூன்று ஃபேஸில் எந்த இரண்டு மாறி மாட்டியிருந்தாலும் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். லைன் கரண்டில் சரியாக ஓடின கிரைண்டர், ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்சைப் போட்டதும் தலைகீழாக ஓடும். கத்தியின் முதுகு சரக்கை அடிக்கும், வெட்டாது. பிளாஸ்டிக் நசுங்கிச் சூடேறி உருகும், பெல்ட் வழுக்கும், லோடு மீறினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலே விழும். ‘சிக்கிக்கொண்டது’ என்று திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பார்கள், காரணம் உள்ளே இருக்காது. பெல்ட் கவரில் அம்புக்குறி வரைந்துவிட்டு, ஜெனரேட்டர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் ஒரு நொடி தட்டிவிட்டுப் பார்க்கலாம். சேஞ்ச் ஓவருக்குப் பின்னால் ஃபேஸ் வரிசை மாறினால் மோட்டாரை ஓடவிடாத ஃபேஸ் சீக்வென்ஸ் ரிலே போட்டால் அந்தத் தலைவலியும் இல்லை.

லைங்தாயா ஃபிட்டர்:
சரியாச் சொன்னே தம்பி. ரெட்டை ஷாஃப்ட் ஷ்ரெட்டர் (இரண்டு கத்தி ஷாஃப்ட் மெதுவாகச் சுற்றிக் கிழிக்கும் மிஷின்) வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது மெதுவாகச் சுற்றுவதைப் பார்த்துப் பயம் விட்டுப்போகும். லோடு ஏறினால் தானாக நிற்கும், சில நொடியில் பின்னால் சுற்றும், மறுபடி முன்னால் வரும். நடுவில் நிற்கிற அந்த நொடியைத்தான் ‘நின்றுவிட்டது’ என்று நினைத்துவிடுகிறார்கள்.

பெகு கத்திக்காரர்:
கத்தி மாற்றும்போது கரண்டே வேண்டாம், ரோட்டரின் எடையே வெட்டும். ஒரு கத்தியைக் கழற்றியதும் எதிர்ப்பக்கம் கனத்து ரோட்டர் தானாகக் கீழே சாயும். அதனால் முதல் போல்ட்டைத் தளர்த்துவதற்கு முன்னாலேயே ரோட்டருக்கும் அறைச் சுவருக்கும் நடுவில் கட்டை அடித்து இறுக்கணும். தேக்குத் துண்டுக்கா இங்கே பஞ்சம்? கம்பியோ ஸ்க்ரூடிரைவரோ வேண்டாம், தெறிக்கும்.

ஒருவர் ஃப்ளைவீலைச் சுற்ற, இன்னொருவர் உள்ளே கை வைத்திருக்க, ‘இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்’ என்று கேட்பதுதான் இந்த வேலையிலேயே மோசமான பழக்கம். கனமான சக்கரம் விரலளவு நகர்ந்தாலே போதும். சுற்றுகிறவரும் கை வைக்கிறவரும் ஒரே ஆளாக இருக்கட்டும். பெல்ட்டைப் பிடித்தும் சுற்றாதீர்கள், புல்லிக்குள் விரலை இழுத்துக்கொள்ளும்.

ஸ்பேனர் நழுவினால் முட்டி நேராகக் கத்தி முனையில் போய் இடிக்கும். நீளவாக்கில் கீறிய ரப்பர் ஹோஸை முனைமேல் மாட்டிவிட்டால் அந்த வெட்டு இல்லை. கத்தி உட்காரும் இடத்தில் தூசியோ உருகின பிளாஸ்டிக்கோ இருந்தால் போல்ட் இறுகினமாதிரி காட்டும், ஓடும்போது தளரும். எதிரெதிர்க் கத்திகள் ஒரே எடை இருக்கணும், ஒன்றை மட்டும் சாணை பிடித்துப் போட்டால் அதிர்வு வரும். அசையாக் கத்திக்கும் சுற்றும் கத்திக்கும் இடைவெளி பொதுவாக 0.2 முதல் 0.3 மி.மீ., மெல்லிய ஃபிலிமுக்கு இன்னும் குறைவு. இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை இரண்டு ஓரத்திலும் நடுவிலும் விட்டுப் பார்க்கணும். மூடுவதற்கு முன் கையால் ஒரு முழுச் சுற்று. எங்காவது ‘டிக்’ என்று தொட்டால் ஸ்டார்ட் போடாதீர்கள். கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு, மறுபடி பூட்டி, போல்ட்டுகளை, இறுக்கத்தின் அளவைக் காட்டும் டார்க் ஸ்பேனரில் சரிபார்ப்பது கட்டாயம்.

மௌல்மேன் பழைய கை:
சிக்காமலே பார்த்துக்கொண்டால் பாதித் தொல்லை குறையும். மீன்வலை, கயிறு, அரிசிச் சாக்கு மூன்றையும் முழுசாகப் போட்டால் வெட்டுப்படாமல் ஷாஃப்ட் ஓரத்தில் சுற்றும், அங்கே உரசி பேரிங் சூடாகும், கருகின வாசனை வரும். முதலிலேயே அரை முழத் துண்டாக அறுத்துப் போடுங்கள். வலையில் ஈயக் குண்டு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். சரக்குக் கட்டை (பேல்) கட்டின இரும்புக் கம்பி, கேஸ் லைட்டர், ஸ்ப்ரே டப்பா, பழைய போன் பேட்டரி எதுவும் உள்ளே போகக்கூடாது. லித்தியம் பேட்டரி நசுங்கினால் ஃபிலிம் குவியலில் தீ பிடிக்கும்.

ஹாப்பரைக் குனிந்து பார்க்கிற பழக்கம் வேண்டாம். கெட்டிக் கட்டி விழுந்தால் கத்தி அதை மேலே எறியும். வாயில் தொங்கும் ரப்பர் திரை அதற்குத்தான், ‘மறைக்கிறது’ என்று வெட்டி எறியாதீர்கள். அதேபோல, சரக்குப் போட வசதி என்று ஹாப்பரை அறுத்துக் குட்டையாக்கிவிடுகிறார்கள். 120 மி.மீ. அகலத் திறப்பில் கை தோள்வரை நுழையும். மிஷின் பாதுகாப்புத் தூரத்துக்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 13857 கணக்குப்படி திறப்பிலிருந்து கத்திவரை குறைந்தது 850 மி.மீ. தூரம் வேண்டும். டேப் பிடித்து அளந்துவிடுங்கள்.

லோஞ்சி (பர்மிய லுங்கி) கட்டிக்கொண்டு கிரைண்டர் பக்கம் வரக்கூடாது. முடிச்சு அவிழ்ந்தால் இரண்டு கையும் இடுப்புக்குப் போகும், நுனி கன்வேயர் ரோலருக்குப் போகும். கால்சட்டை வாசலிலேயே தொங்கட்டும்.

தெற்கு டகோன் எலக்ட்ரீஷியன்:
கால்சட்டை மாட்டுகிற ஆணிக்குப் பக்கத்திலேயே பூட்டுகளையும் தொங்கவிடலாம், ஆளுக்கு ஒன்று, பெயர் எழுதி. பூட்டை எடுக்க ஆபீஸ் ரூம் வரை நடக்கணும் என்றால் யாரும் எடுக்க மாட்டார்கள்.