உலாத்திரை என்று வைக்கலாமே: வண்டியில் வரும் எல்இடி விளம்பரத்துக்கு ஒரு சொல்

குழுவில் எல்லாருக்கும் வணக்கம்.

வண்டியில் கட்டி வரும் எல்இடி விளம்பரத் திரைக்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்று நாலு நாளாக ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஆனித் தேரோட்டம் நெருங்கிவிட்டதால் கடையில் தலைக்குமேல் வேலை, அதனால்தான் நான் வாய் திறக்கவில்லை. கோயம்புத்தூர் அண்ணன் ‘மின்னணு ஊர்தி விளம்பரக் காட்சிப் பலகை’ என்று ஆரம்பித்தார். தூத்துக்குடி அண்ணாச்சி அதைச் செதுக்கி ‘ஊர்தித்திரை’ ஆக்கினார். யாழ்ப்பாணத்து அக்கா ‘நகர்திரை’ என்றார். நான் சொல்ல வருவது ‘உலாத்திரை’. கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில், எந்தச் சாமானுக்குப் பெயர் தேடுகிறோம்? இதுவரை வந்த மடல்களில் மூன்று சாமான் கலந்து கிடக்கிறது. பேருந்து நெற்றியில் ஊர்ப்பெயர் காட்டும் பலகை ஒன்று. பேருந்துக்குள் பயணிகள் பார்க்க மாட்டியிருக்கும் டிவி இன்னொன்று. மூன்றாவது, சின்ன லாரியின் பின்கூண்டில் பெரிய எல்இடி திரை கட்டி, ஜவுளிக்கடை, நகைக்கடை, கட்சிக் கூட்டம் என்று தெருத்தெருவாகக் காட்டிக்கொண்டு போகிற வண்டி. வாடகைக் காரின் கூரைமேல் சின்னத் திரை வைப்பதும் சில ஊர்களில் உண்டு, அதையும் மூன்றாவதோடு சேர்த்துக்கொள்ளலாம். நமக்குப் பெயர் வேண்டியது இந்த மூன்றாவதற்குத்தான். அண்ணாச்சி சொன்ன ஊர்தித்திரை எனக்கு இடிப்பது இங்கேதான். இப்போது வருகிற கார்களில் ஸ்டியரிங் பக்கத்திலேயே ஒரு திரை இருக்கிறது. வழி காட்டுகிறது, பாட்டுப் போடுகிறது. ஊர்தித்திரை என்றால் பிள்ளைகளுக்கு அதுதான் ஞாபகம் வரும். அந்தப் பெயரை அதற்கே விட்டுவிடலாம், பொருத்தமாகவும் இருக்கும்.

கோவை அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது. அவர் கொடுத்ததில் பிழை ஒன்றுமில்லை, ஆனால் அது டெண்டர் தாளில் எழுதுகிற விவரம் மாதிரி இருக்கிறது. ‘மின்னணு’ எதற்கு? எல்இடியைப் பாடநூல்காரர்கள் ‘ஒளி உமிழ் டையோடு’ என்பார்கள். அதற்காகக் கடையில் போய் ஒளி உமிழ் டையோடு பல்பு கொடுங்கள் என்றோ மின்னணு பல்பு கொடுங்கள் என்றோ யாரும் கேட்பதில்லை. ‘பலகை’ பற்றி மட்டும் அவர் ஒரு நியாயம் வைத்திருந்தார்: பலகை பலகையாகப் பூட்டித்தானே அதைச் செய்கிறார்கள் என்று.

பூட்டுவது உண்மைதான். நான் பாளையங்கோட்டையில் ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடை வைத்திருக்கிறேன். இப்போது பாதி வேலை இந்த வண்டிகளுக்குப் படம் ஆக்கிக் கொடுப்பது. அதனால் கூண்டைத் திறந்து பார்த்திருக்கிறேன். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த சதுரங்கள், மாட்யூல் என்பார்கள். பி-6 என்கிற வகையில் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் 6 மில்லிமீட்டர் இடைவெளி. 192 மில்லிமீட்டர் சதுரத்துக்குள் 32க்கு 32, அதாவது 1024 புள்ளி. ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று விளக்கு. இப்படி 25 சதுரம் சேர்ந்தால் 960 மில்லிமீட்டர் சட்டம் ஒன்று. சட்டத்தின் முதுகில் பட்டைக் கேபிள்கள், 5 வோல்ட் பவர் சப்ளை, வெட்கை. பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடுவதால் டீசல் நாற்றம் வேறு.

ஆனால் இவ்வளவும் பூட்டுகிறவன் பக்கத்துச் சங்கதி. பார்க்கிறவன் பக்கம் வந்து பாருங்கள். கூண்டுக்குக் கிட்டே நின்றால் படமே தெரியாது, மாதுளை முத்துப் போல நிறநிறமாகப் புள்ளிதான். எத்தனை மில்லிமீட்டர் இடைவெளியோ கிட்டத்தட்ட அத்தனை மீட்டர் தள்ளிப் போனால்தான் புள்ளிகள் கூடிப் படம் ஆகும் என்பது தொழிலில் உள்ள கைக்கணக்கு. பி-6 என்றால் 6 மீட்டர். இன்னொன்று, திரையின் எல்லா வரிசையும் ஒரே நேரத்தில் எரிவதில்லை. மாட்யூலுக்குள் வரிசைகள் முறைவைத்து எரிந்து எரிந்து அணைகின்றன. அது நடக்கிற வேகத்தில் நம் கண் ஏமாந்து மொத்தமாகப் பார்க்கிறது. செல்போன் காமிரா அவ்வளவு எளிதாக ஏமாறாது. அதில் பிடித்தால் குறுக்கே கறுப்புப் பட்டை விழும். வாடிக்கையாளர் அந்தப் படத்தை அனுப்பி ‘திரை கெட்டுப்போச்சு’ என்று சண்டைக்கு வருவது எனக்கு மாதம் ஒருமுறை நடக்கிற கூத்து.

ஆக, அங்கே இருப்பது புள்ளிகள். படமாக்குவது எதிரே நிற்கிறவர் கண். அதனால் பூட்டுகிறவன் சொல்லான பலகையை விட, பார்க்கிறவர் சொல்லான திரை மேல் என்று நினைக்கிறேன். கரும்பலகை, அறிவிப்புப் பலகை எல்லாம் எழுதினது எழுதினபடி நிற்பவை. திரைக்கு அலை என்றும் பொருள் இருப்பது கொசுறு.

இனி முன்பாதி. உலா என்றதும் உங்களுக்கு வீதியுலா ஞாபகம் வந்திருக்கும். எனக்கும் திருநெல்வேலி டவுனில் ரத வீதிகளைப் பார்த்துத்தான் வந்தது. நெல்லையப்பர் கோயிலில் மூலவர் இடத்தை விட்டு அசைவதில்லை. வர முடியாதவர்களுக்காக உற்சவர் வெளியே வருகிறார். ஆனியில் பிள்ளையார், முருகன், சுவாமி, அம்பாள், சண்டிகேசுவரர் என்று ஐந்து தேர் ஓடும். ரோட்டோரம் நிற்கிற ஹோர்டிங் மூலவர் என்றால் இந்த வண்டி உற்சவர். சாமி மன்னிக்கட்டும். போதாக்குறைக்கு, சிற்றிலக்கியங்களில் உலா என்றே ஒரு வகை இருக்கிறது. தலைவன் வீதியில் வருவான், பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்துப் பெண்கள் அவனைப் பார்ப்பார்கள். வருகிறவனைச் சொல்லிவிட்டுப் பார்க்கிறவர்களைச் சொல்லாமல் விட்டால் அது உலாவே ஆகாது. நம் வண்டிக்கும் இதே இலக்கணம்தான்: போனால் மட்டும் போதாது, தெருவில் யாராவது பார்க்க வேண்டும். பேதைக்குப் பாவாடை சட்டை, பேரிளம்பெண்ணுக்குப் பட்டுச்சேலை என்று ஏழு பருவத்துக்கும் சரக்கு வைத்திருக்கிற ஜவுளிக்கடைக்காரருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்.

அக்காவின் நகர்திரையில் இந்தப் பார்க்கிறவர் இல்லை. நகர்வது எதுவும் நகரும். சன்னல் திரைச்சீலையும் இழுத்தால் நகரும். அப்புறம், ‘நகர்’ என்றால் எங்கள் பக்கம் கேடிசி நகர், மகாராஜ நகர் மாதிரி ஏதோ குடியிருப்பு என்று எடுத்துக்கொள்வார்கள்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். என் மனசில் முதலில் வந்தது ‘மின்தட்டி’. சின்ன வயதில் சினிமாக் கொட்டகையில் படம் மாறுகிற அன்று தட்டி வண்டி வரும். மூங்கில் தட்டி இரண்டைக் கூரை போலச் சாய்த்துக் கட்டி, இரண்டு பக்கமும் போஸ்டர் ஒட்டி, முன்னால் ஒருவர் கொட்டடித்துக்கொண்டு வர, உள்ளேயிருந்து ஒருவர் நோட்டீஸ் வீசுவார். ரோஸ் கலர் நோட்டீசுக்காக நாங்கள் சமாதானபுரம் வரைக்கும் பின்னாலேயே ஓடுவோம். அப்பா அந்தத் தட்டிகளுக்குப் பசை கிண்டினவர். மைதா மாவில் கொஞ்சம் மயில்துத்தம் போட்டுக் கிண்டினால் பூச்சி அரிக்காது. இந்த எல்இடி வண்டி அதன் பேரன்தான், சந்தேகமில்லை. ஆனாலும் மின்தட்டியை விட்டுவிட்டேன். அக்கா ஊரில் ‘தட்டிவான்’ என்றால் ஆட்களை ஏற்றுகிற பழைய பேருந்து, அங்கே குழப்பம். இங்கேயோ கடைப்பையனிடம் சொல்லிப் பார்த்தேன், “கரண்ட் தட்டுமா அண்ணாச்சி?” என்று கேட்டான். அதோடு சரி.

தனிமடலில் இருவர் இரண்டு தடை சொல்லியிருக்கிறார்கள். ஒன்று, உலாத்திரையில் விளம்பரம் என்ற சொல் இல்லை. வேண்டாம் என்றே விட்டேன். அந்த வண்டியில் தேர்தல் நேரத்தில் தலைவர் பேச்சு ஓடுகிறது, சுகாதாரத் துறை டெங்கு கொசு காட்டுகிறது, திருவிழாவில் நெரிசலுக்கு வெளியே நிற்பவர்களுக்குத் தேர் இழுப்பதையே காட்டலாம். தேவைப்பட்டால் விளம்பர உலாத்திரை என்று முன்னால் சேர்த்துக்கொள்ளட்டும். நாஞ்சில் நாட்டில் சோறு பரிமாறுவதைக்கூட விளம்புவது என்றுதான் சொல்வார்கள், எல்லாவற்றையும் வாயால் சொல்லிக்கொண்டா இருக்கிறார்கள்?

மற்றது கொஞ்சம் கனமான தடை. இணையம் பார்க்கிற மென்பொருளுக்கு ‘உலாவி’ என்று பெயர் நிலைத்துவிட்டதே, உலாத்திரை என்றால் உலாவியின் திரை என்று வராதா? வரலாம். ஆனால் உலாவியைப் புணர்த்தினால் உலாவித்திரைதான், உலாத்திரை ஆகாது. பாட்டியல் என்கிற செய்யுள் இலக்கண நூல்காரர்கள் உலாப்புறம் என்று சொன்ன மாதிரி இது உலாத்திரை. வாயில் சொல்லிப் பாருங்கள், இரண்டும் ஒன்றோடொன்று குழம்பாது. இதற்குமேல் எனக்குப் பதில் தெரியவில்லை, இலக்கணம் படித்தவர்கள் சொல்லட்டும்.

பேருந்து நெற்றிப் பலகைக்கு ‘ஓடெழுத்து’ என்று வைக்கலாம். ஓடெழுத்தில் எழுத்து ஓடும், உலாத்திரையில் திரையே ஓடும். அந்த ஓடெழுத்து நம் எழுத்தைப் படுத்துகிற பாடு தனிக் கதை. மலிவான பி-10 பலகையின் உயரம் 16 புள்ளி. அதற்குள் மேலே விசிறியும் கீழே சுழியும் உள்ள நம் எழுத்தை அடைக்க வேண்டும். ‘ணூ’வும் ‘றூ’வும் மூச்சுமுட்டும். அதோடு வருகிற மென்பொருள் பலவற்றுக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியாது. கொக்கிரகுளம் என்று அடித்தால் முன்னால் நிற்க வேண்டிய கொம்பு ‘க’வுக்குப் பின்னால் போய் நிற்கும். அதனால் நாங்கள் எழுத்தாக அனுப்புவதே இல்லை, படமாக்கி அனுப்பிவிடுவோம். பெரிய திரையில் இந்தத் தொல்லை இல்லை, வேறு தொல்லை உண்டு. போன ஆடியில் ஒரு ஜவுளிக்கடை வண்டியில் ஒரு மாட்யூல் மட்டும் இருண்டுபோய், ‘ஆடித் தள்ளுபடி’யில் சரியாக ‘ப’ விழுந்துவிட்டது. வண்ணாரப்பேட்டை சிக்னலில் நின்ற கூட்டம் முழுக்க ‘ஆடித் தள்ளு டி’ என்று வாசித்துச் சிரித்தது. அந்தப் படத்தை ஆக்கினவன் நான்தான், தலையைக் குனிந்துகொண்டு போனேன்.

‘திரை’ என்ற சொல்லில் மறைப்பு என்ற பொருளும் இருப்பதைத் தூத்துக்குடி அண்ணாச்சியே குறையாகச் சொன்னார். எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது. ஒரு நாள் ராத்திரி, தாமிரபரணிமேல் 1843இல் திறந்த சுலோசன முதலியார் பாலத்தில் இப்படி ஒரு வண்டிக்குப் பின்னால் ஸ்கூட்டரில் வந்தேன். நகை விளம்பரம், பின்னணி முழுக்க வெள்ளை. பகல் வெயிலை ஜெயிக்க வைத்த வெளிச்சத்தை ராத்திரி குறைக்காமல் விட்டிருந்தார்கள். ஹெல்மெட் கண்ணாடி முழுக்க அந்த வெள்ளைதான். வண்டியின் பிரேக் விளக்கு எரிந்ததே தெரியவில்லை, அரை கஜத்தில் நிறுத்தினேன். எதிரே ரோடு, ஆறு எல்லாம் திரை போட்டது போலத்தான் இருந்தது.

சொல் பரவுமா என்று கேட்டால், நாம் பட்டியலில் சேர்ப்பதால் மட்டும் பரவாது. பேருந்து நிலைத்தது, நிலையத்து வாசலில் எழுதி வைத்ததால். மிதிவண்டியைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லாமல் கொடுத்த திட்டம் காப்பாற்றியது. மகிழுந்துக்கு அப்படி எழுதி வைக்க ஆள் இல்லை. வண்டிக்காரர் ஒருவரிடம் உலாத்திரை என்று சொல்லிப் பார்த்தேன். “எல்இடி வண்டின்னாலே எல்லாருக்கும் வெளங்குதே அண்ணாச்சி, இது என்னத்துக்கு?” என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, “சாமி உலா மாதிரியா?” என்று கேட்டுச் சிரித்தார்.

அவருக்கு வாடகை ரசீது புத்தகம் அச்சடித்துக் கொடுக்க வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள். தலைப்பில் ‘உலாத்திரை வண்டி வாடகைக்கு’ என்று போட்டுப் புரூஃப் காட்டப் போகிறேன். அடித்துவிட்டு எல்இடி என்று எழுதச் சொன்னால் அதையும் இங்கே வந்து சொல்கிறேன். கோவை அண்ணன் அன்றைக்கு என்னை ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளலாம்.